மெதுவாக வாசித்தால் டூம் ஆகிவிடுமா?

டூம் மெட்டல் என்பது கனத்து, இருண்டு ஒலிக்கும் ஒரு ராக் வகை. அதை வாசிக்கும் கிட்டார் கலைஞர் ஒருவர் தன் பெயரில் தனி ஆல்பம் போட்டால், அதைப் பற்றிய பேச்சு எப்போதும் ஒரே வாய்பாட்டில் முடிகிறது: "பாதி டூம், பாதி எழுபதுகளின் ஹார்டு ராக்." கேட்பவரும் தலையாட்டிவிடுகிறார். எந்தப் பாதி எங்கே இருக்கிறது என்று திருப்பிக் கேட்டால்தான் சிக்கல். மெதுவாகப் போனால் டூம், வேகமெடுத்தால் ஹார்டு ராக் என்பார் ஒருவர். பழைய ஆம்ப்ளிஃபையரைத் தேடிப் பிடித்து வாசித்தால் எழுபதுகள் தானாக வந்துவிடும் என்பார் இன்னொருவர். தனி ஆல்பம் என்றால் எல்லா வாத்தியத்தையும் அவரே வாசித்திருப்பார் என்பார் மூன்றாமவர்.

மூன்று பேர் சொன்னதும் தவறு. பாலும் தண்ணீருமாக இரண்டைக் கலக்கிற சமாச்சாரமே இல்லை இது. டூம் மெட்டல் எழுபதுகளின் ஹார்டு ராக்குக்குள்ளிருந்து பிரிந்து வந்தது. ஹார்டு ராக் போகிற போக்கில் தொட்டுவிட்டுப் போன சில இடங்களில் டூம் நின்றுவிட்டது. தனியாக வாசிக்க வரும் டூம் கிட்டார்காரர் அந்த நின்ற இடத்திலிருந்து மறுபடி நடக்கத் தொடங்குகிறார். இதைப் புரிந்துகொள்ள இசைக் கோட்பாடு எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். ச ரி க ம தெரிந்தால் கொஞ்சம் வசதி, அவ்வளவுதான்.

## பெயர் வருவதற்கு முன்பே இருந்த இசை

இரண்டு சொற்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ரிஃப் என்பது கிட்டாரில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சின்ன இசைத்தொடர். இந்த வகைப் பாட்டுகளில் ரிஃப்தான் முதுகெலும்பு. பாடகர், டிரம்ஸ், பேஸ் எல்லாம் அதைச் சுற்றியே நிற்கும். எழுபதுகளின் ஹார்டு ராக் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையை எடுத்து, உரத்த ஆம்ப்ளிஃபையர்கள் வழியாக, ரிஃபை மையமாக வைத்து வாசித்த இசை. லெட் செப்பலின், டீப் பர்ப்பிள், யூரையா ஹீப், மவுண்டன் என்று பெயர்களை அடுக்கலாம்.

அதே வரிசையில், அதே காலத்தில் இருந்த குழுதான் பிளாக் சப்பாத். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்து ஆஸ்டன் பகுதியைச் சேர்ந்த நால்வர். ப்ளூஸ் குழுவாகத்தான் தொடங்கினார்கள். அவர்களுடைய முதல் ஆல்பம் 1969இல் ஒரே நாளில் பதிவாகி, 1970 பிப்ரவரி 13 அன்று வெளியானது. அன்றைக்கு அதை யாரும் டூம் என்று சொல்லவில்லை. அந்தப் பெயரே புழக்கத்தில் இல்லை. பதினைந்து ஆண்டுகள் கழித்து, மெட்டல் இசை முழுக்க வேகம் வேகம் என்று ஓடிக்கொண்டிருந்தபோது, லாஸ் ஏஞ்சல்ஸின் செயின்ட் வைட்டஸ், சிகாகோவின் டிரபுள் போன்ற குழுக்கள் அந்த ஓட்டத்தில் சேராமல் சப்பாத்தின் மெதுவான ரிஃப்களைப் பிடித்துக்கொண்டன. இரண்டுக்குமே 1984இல் முதல் ஆல்பம். 1986இல் ஸ்வீடனின் கேண்டில்மாஸ் தன் முதல் ஆல்பத்தின் தலைப்பிலேயே 'டூமிக்கஸ்' என்று ஒரு சொல்லை வைத்தது. பெயர் அதன்பிறகுதான் பரவலாக ஒட்டிக்கொண்டது.

ஆக, டூம் மெட்டல் என்பது எழுபதுகளின் ஒரு கிளையை எண்பதுகளில் வெட்டி எடுத்துத் தனியாக நட்டது. இதை ஒரே குழுவில் பார்க்க வேண்டுமென்றால் பென்டகிராமைப் பார்க்கலாம். 1971இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் தொடங்கிய குழு. எழுபதுகளில் அவர்கள் பதிவு செய்தவை துள்ளலான ஹார்டு ராக் பாட்டுகள். ஆல்பமாக வெளிவராமல் கிடந்து, பல ஆண்டுகள் கழித்துத்தான் தொகுப்பாக வந்தன. 1985இல் முதல் ஆல்பம் வந்தபோது பாடகர் பழைய பாபி லீப்ளிங்கே, கிட்டாரில் விக்டர் கிரிஃபின் என்ற டென்னசி இளைஞர். எழுபதுகளில் பதிவான பாட்டு ஒன்று இந்த ஆல்பத்திலும் இருக்கிறது. மெட்டு அதேதான். ஆனால் கிட்டார் தடித்து இருண்டுபோயிருக்கிறது. முன்னதை ஹார்டு ராக் என்றும் பின்னதை டூம் என்றும் சொல்லாத ரசிகர் இல்லை. இடையில் என்ன மாறியது? இந்தக் கட்டுரையின் கேள்வி அதுதான். விக்டர் கிரிஃபினிடம் பின்னால் திரும்ப வருவோம்.

## தளர்ந்த கம்பி

துணி காயப்போடும் கொடிக்கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். இழுத்துக் கட்டினால் விரலால் சுண்டும்போது விண்ணென்று நிற்கும். தளர்த்திக் கட்டினால் பெரிதாக, சோம்பலாக ஆடும். கிட்டார் கம்பியும் அப்படித்தான். இழுவை கூடினால் சுருதி ஏறும், குறைந்தால் இறங்கும்.

பிளாக் சப்பாத்தின் கிட்டார்காரர் டோனி அயோமி, பதினேழு வயதில் பர்மிங்ஹாமில் தகரத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தார். வேலையை விட்டுப் போகும் கடைசி நாளில், இயந்திரத்தில் சிக்கி வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியும் போய்விட்டன. அவர் இடக்கைக்காரர், ஆகவே கம்பியை அழுத்திப் பிடிக்கும் கையே வலது கைதான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தார், மேலே தோல் ஒட்டினார், மெல்லிய கம்பிகளைத் தேடிப் பிடித்தார். 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் சில பாட்டுகளுக்குக் கிட்டாரையே மூன்று படி இறக்கிக் கட்டினார். கர்நாடக இசையில் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு ஸ்வரத்தானங்களாகப் பிரிக்கிறோமே, அதில் மூன்று இடம் கீழே.

மூன்று படி என்பது கேட்கச் சின்னது. கணக்குப் போட்டால் தெரியும்: கம்பியின் இழுவை அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது, மூன்று படி இறங்கினால் இழுவை ஏறத்தாழ 30 சதவீதம் குறைகிறது. காயம்பட்ட விரலுக்கு அது பெரிய ஆறுதல். கிட்டாரின் அடிக்கம்பி வழக்கமாக நொடிக்கு 82 முறை அதிரும். இப்போது 69 முறை. வலிக்காகச் செய்த ஏற்பாடு, கேட்பவர் மார்பில் இடிக்கும் ஓர் ஒலியாக வெளிவந்தது. டூம் குழுக்கள் இன்றுவரை சுருதியை இறக்கி வைத்துக்கொள்வதற்கு வேர் இங்கேதான்.

## கரகரப்பின் கணக்கு

சின்ன ரேடியோ ஒன்றில் ஒலியை முழுக்கத் திருப்பினால் என்ன ஆகும்? குரல் உடைந்து கரகரக்கும். அந்தப் பெட்டியால் தாங்க முடிந்த உயரத்துக்கு மேல் ஒலியலை எழும்பப் பார்க்கிறது. பெட்டி அதன் தலையைச் சீவிவிடுகிறது. உருண்டையாக இருந்த அலை தட்டையாகி, அதில் முன்பு இல்லாத புதிய மேல் ஒலிகள் சேர்ந்துவிடுகின்றன. ராக் கிட்டார்காரர்கள் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள். இதற்குப் பெயர் டிஸ்டார்ஷன்.

டிஸ்டார்ஷன் இன்னொரு வேலையும் செய்கிறது. சீவப்படுவது அலையின் உச்சிதான். தணிந்துகொண்டே போகும் வால்பகுதி அப்படியே பெரிதாகி வருகிறது. ஆகவே மீட்டிய ஸ்வரம் சீக்கிரம் சாகாது, நெடுநேரம் இழையும். டூமுக்கு இது உயிர்நாடி. நிமிடத்துக்கு 60 தட்டு என்ற வேகத்தில் நான்கு தட்டு கொண்ட ஒரு சுற்றுக்கு நான்கு நொடி ஆகிறது. சாதாரணக் கிட்டார் ஒலி அந்த நான்கு நொடியைத் தாங்காமல் தேய்ந்துவிடும். கரகரப்பு இல்லாமல் அவ்வளவு மெதுவாக வாசித்தால் இடைவெளிதான் கேட்கும்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு, அதைப் பலரும் கவனிப்பதில்லை. இரண்டு ஸ்வரங்களைச் சேர்த்து டிஸ்டார்ஷனுக்குள் அனுப்பினால், அவை இரண்டின் கூட்டலும் கழித்தலுமாகப் புதிய ஒலிகள் பிறக்கும். ச, ப இரண்டையும் சேர்த்து அனுப்பிப் பாருங்கள். அடிக்கம்பியின் ச 82, ப ஏறத்தாழ 123. கழித்தால் 41. அது 82க்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே இருக்கும் அதே ச! கிட்டாரில் இல்லாத ஒரு கீழ் ஸ்வரத்தை ஆம்ப்ளிஃபையரே உண்டாக்கிக் கொடுக்கிறது. ச–ப மட்டும் சேர்ந்த இந்தக் கூட்டுக்கு பவர் கார்ட் என்று பெயர். கூடவே காந்தாரத்தையும் சேர்த்தீர்களோ, கழித்தலில் வரும் ஒலிகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் குழம்பிக் கலங்கிவிடும். அதனால் டிஸ்டார்ஷன் கூடக்கூடக் கிட்டார்காரர் காந்தாரத்தை விட்டுவிடுகிறார்.

காந்தாரம்தான் ஒரு கூட்டுக்கு முகம் கொடுப்பது. அந்தர காந்தாரம் இருந்தால் வெளிச்சம், சாதாரண காந்தாரம் இருந்தால் நிழல். அதை விட்டுவிட்ட கூட்டுக்கு முகம் கிடையாது, உடல் மட்டும்தான். டூமின் கனம் அந்த முகமற்ற உடலின் கனம். எழுபதுகளின் ஹார்டு ராக்கில் டிஸ்டார்ஷன் இதைவிடக் குறைவு. கிட்டார்காரர் முழுக் கூட்டையும் வாசிக்கலாம், ஒலி கலங்காது. ஆகையால் ஒரு டூம் கிட்டார்காரர் கரகரப்பைக் கொஞ்சம் குறைக்கிறார் என்றால், ஒலியின் தடிமன் குறைவதோடு விஷயம் முடிவதில்லை. விட்டுப்போன காந்தாரம் திரும்ப வருகிறது. பாட்டுக்கு முகம் வருகிறது.

இதுவரை பார்த்தது: கம்பியைத் தளர்த்தினால் ஒலி தாழ்ந்து பெருக்கிறது. டிஸ்டார்ஷன் அதை நெடுநேரம் நிற்கவைக்கிறது, ஆனால் கூட்டின் நிறத்தைத் தின்றுவிடுகிறது. டிஸ்டார்ஷனைக் குறைத்தால் நிறம் திரும்பும்.

## கடந்து போகும் ஸ்வரம், உட்கார்ந்துவிடும் ஸ்வரம்

எனக்கு இந்த இசையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ப்ளூஸ் கிட்டார்காரர்கள் அதிகம் புழங்கும் ஐந்து ஸ்வரங்கள்: ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். சுத்த தன்யாசி பாடிப் பழகியவர்களுக்கு இந்த ஐந்தும் கை வந்த ஸ்வரங்கள். ராகத்தின் பிடிகளும் கமகமும் வேறு, ஸ்வர வரிசை ஒன்றே. ப்ளூஸில் இந்த ஐந்தோடு ஆறாவதாக ஒன்று ஒட்டிக்கொள்ளும்: சுத்த மத்திமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவில் இருக்கும் பிரதி மத்திமம். அதில் யாரும் நிற்பதில்லை. ம–வில் இருந்து ப–வுக்குப் போகும்போது வழியில் உரசிவிட்டுப் போவார்கள். அந்த உரசலில்தான் ப்ளூஸின் ஏக்கம் இருக்கிறது. எழுபதுகளின் ஹார்டு ராக் ரிஃப்கள் எத்தனையோ இந்த உரசலை வைத்தே பிழைக்கின்றன.

ச–வில் இருந்து பிரதி மத்திமம் வரை ஆறு படி. பன்னிரண்டில் சரிபாதி. மேலைநாட்டு இசையில் இந்தத் தூரத்துக்கு டிரைடோன் என்று பெயர். தேவாலயம் இதைத் தடைசெய்து வைத்திருந்தது என்று ஒரு கதை உலவுகிறது. அப்படி ஓர் உத்தரவு இருந்ததற்குச் சான்று கிடையாது. பாடுவதற்குக் கடினம், காதுக்கு முரடு என்று பழைய இலக்கண நூல்கள் தவிர்க்கச் சொன்னதுண்டு. ச–வோடு ப சேரும்போது கிடைத்த அந்தச் சுத்தமான கழித்தல் கணக்கு இங்கே எடுபடாது. காது ப–வுக்காகக் காத்திருக்கும், ப வராது.

பிளாக் சப்பாத் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டைக் கேளுங்கள். மழைச் சத்தம், மணியோசை, பிறகு ரிஃப். மூன்றே ஸ்வரம்: கீழ் ச, மேல் ச, பிறகு இறங்கிவந்து பிரதி மத்திமம். அந்த மூன்றாவது ஸ்வரம் நடுங்கிக்கொண்டே அங்கேயே நிற்கிறது, ப–வுக்கு நகர்வதே இல்லை. ப்ளூஸ் உரசிவிட்டுக் கடந்துபோன ஸ்வரத்தில் இந்தப் பாட்டு உட்கார்ந்துவிட்டது. புதிதாக எதையும் அயோமி கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே எல்லோர் கையிலும் இருந்த ஸ்வரம். அதில் எவ்வளவு நேரம் தங்குவது என்பதை மாற்றினார், அவ்வளவுதான். அதிலிருந்து ஒரு முழு இசைவகையே கிளைத்தது.

அதே பாட்டு கடைசிவரை அப்படியே போவதில்லை. நாலரை நிமிடத்தை ஒட்டித் திடீரென்று வேகமெடுத்து, குதிரைப் பாய்ச்சலாக முடிகிறது. ஒரே பாட்டுக்குள் நிற்பதும் இருக்கிறது, ஓடுவதும் இருக்கிறது. பின்னால் வந்த டூம் குழுக்களில் பல நிற்பதை மட்டும் எடுத்துக்கொண்டன. அதில் தவறில்லை, அந்தப் பிடிவாதத்தில் அற்புதமான இசை பிறந்திருக்கிறது. ஆனால் ஓட்டம் வெளியிலிருந்து வந்த சரக்கு என்று நினைத்தால், தொடக்கத்தையே மறந்துவிடுகிறோம்.

## ஊஞ்சலும் சம்மட்டியும்

இப்போது வேகம் பற்றிய தவறான எண்ணத்துக்கு வருவோம். நானும் ஒரு காலத்தில் வேகம்தான் வித்தியாசம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் நண்பர் ஒருவரோடு உட்கார்ந்து, எழுபதுகளின் ஹார்டு ராக் பாட்டு ஒன்றைக் கணினியில் சுருதி மாறாமல் பாதி வேகத்துக்குக் குறைத்துப் பார்த்தோம். டூம் வரவில்லை. தூக்கக் கலக்கத்தில் நடக்கிறவர் மாதிரி பாட்டு தடுமாறியது. டிரம்ஸில் இடையிடையே விழுந்த சின்னச் சின்ன அடிகள் எல்லாம் பெரிய பள்ளங்களாகத் திறந்துவிட்டன. அந்தப் பள்ளங்களைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

மேசையில் விரலால் ஒரே சீராகத் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் வாயால் "தகிட" என்று சொல்லுங்கள். தகிட, தகிட, தகிட, தகிட. ஒரு தட்டு மூன்றாகப் பிரிகிறது, இது திஸ்ரம். இனி நடு எழுத்தை மட்டும் விழுங்கிவிடுங்கள். த–ட, த–ட, த–ட, த–ட. முதல் எழுத்து நீளம், கடைசி எழுத்து குட்டை. உடம்பு தானாக அசைய ஆரம்பிக்கும். ப்ளூஸிலும் அதன் வழியே ஹார்டு ராக்கிலும் இந்த நடைக்கு ஷஃபிள் என்று பெயர். ஊஞ்சல் உச்சியில் ஒரு கணம் தயங்கி, பிறகு சரிந்து வருமே, அந்தத் தயக்கம்தான் விழுங்கப்பட்ட அந்த நடு எழுத்து.

இதே தட்டை "தகதிமி" என்று நான்காகப் பிரித்து, எல்லா எழுத்தையும் ஒரே எடையில் சொல்லிப் பாருங்கள். ஊஞ்சல் போய்விடும். சம்மட்டி அடிப்பது போல நேராக விழும். எண்பதுகளுக்குப் பிந்தைய டூம் பெரும்பாலும் இந்த நேர் நடையில் நிற்கிறது. அதன் கம்பீரம் அதில்தான்.

பிளாக் சப்பாத்தின் டிரம்ஸ் கலைஞர் பில் வார்டு ஜாஸ் கேட்டு வளர்ந்தவர். ஜீன் குரூப்பா, படி ரிச் போன்றவர்களின் ரசிகர். அதனால் பாட்டு எவ்வளவு மெதுவாக ஊர்ந்தாலும் அவர் கை ஊஞ்சலாடிக்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு 60 தட்டு வேகத்திலும் ஷஃபிள் முடியும். நடுவில் விழுங்கப்படும் எழுத்து இன்னும் நீளமாகும், தயக்கம் இன்னும் ஆழமாகும். இதை வாசிப்பது கடினம். வேகமாக வாசிக்கும்போது கை பழக்கத்தில் ஓடிவிடும்; மெதுவாக வாசிக்கும்போது ஒவ்வொரு இடைவெளியையும் மனசுக்குள் எண்ணி அளக்க வேண்டும்.

டூமுக்குள் எழுபதுகள் வருகிறதா இல்லையா என்பதைக் கிட்டார்காரரைவிட டிரம்ஸ் வாசிப்பவரே அதிகம் தீர்மானிக்கிறார் என்று அடித்துச் சொல்வேன். இங்கிலாந்தின் கதீட்ரல் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். 1991இல் வந்த முதல் ஆல்பம், நகர்கிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெதுவானது. 1993இல் வந்த இரண்டாவதில் எழுபதுகளின் ஆட்டம் வந்துவிட்டது. கிட்டார் அதே கனத்தில்தான் இருக்கிறது. கீழே தாளத்தின் நடை மாறியிருக்கிறது.

சுருக்கமாக: மெதுவும் வேகமும் ஒரே நடையின் இரண்டு காலங்களாக இருக்கலாம். பிரிப்பது தட்டுக்குள்ளே இருக்கும் பங்கீடு. ஊஞ்சலாடினால் எழுபதுகள், நேராக விழுந்தால் பின்னால் வந்த டூம்.

## ஆர்கன்

ஹாமண்ட் ஆர்கன் 1935இல் அமெரிக்காவில் சந்தைக்கு வந்த மின்வாத்தியம். உள்ளே சுழலும் பல்சக்கரங்களால் ஒலி உண்டாகிறது. டீப் பர்ப்பிளின் ஜான் லார்டு இதைக் கிட்டாருக்கான மார்ஷல் ஆம்ப்ளிஃபையர் வழியாக அனுப்பி உறுமவைத்தார். எழுபதுகளின் ஹார்டு ராக்குக்கு அது ஒரு கையெழுத்தாகவே ஆகிப்போனது. டூம் கிட்டார்காரர்கள் தனியாக வாசிக்கும்போது ஆர்கனைக் கூப்பிடுவதற்குக் காரணம் பழமை மோகம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. முன்பே பார்த்தோமே, கனத்த டிஸ்டார்ஷனில் கிட்டாரால் காந்தாரத்தை வாசிக்க முடிவதில்லை என்று. அந்தக் காந்தாரத்தை ஆர்கன் எடுத்துக்கொள்கிறது. கிட்டார் ச–ப என்று உடலைக் கொடுக்க, ஆர்கன் முகத்தைக் கொடுக்கும். கனமும் குறையாது, நிறமும் கிடைக்கும்.

## 'தனி' என்றால் எவ்வளவு தனி?

எல்லா வாத்தியத்தையும் ஒருவரே வாசித்துப் பதிவு செய்யும் ஆல்பங்கள் உண்டு. ஆனால் இந்த வகை இசையில் அது அரிது, காரணமும் வெளிப்படை: ஊஞ்சலாட்டம் இரண்டு பேருக்கு நடுவில் உண்டாவது. டிரம்ஸ்காரர் ஒரு நூலிழை தாமதிப்பார், கிட்டார்காரர் அதைக் கேட்டுத் தானும் சாய்வார். தனியாக ஒவ்வொன்றாகப் பதிவு செய்தால் அந்தப் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை.

அப்படியானால் 'தனி' என்ற சொல் எதைக் குறிக்கிறது? முடிவெடுக்கும் உரிமையை. ஒரு குழுவின் பெயர் என்பது ரசிகருக்குக் கொடுத்த வாக்கு. அந்தப் பெயரில் வருவது இப்படித்தான் ஒலிக்கும் என்று எதிர்பார்த்துத்தான் வாங்குகிறார்கள். தன் பெயரில் வாசிக்கும்போது அந்த வாக்கு இல்லை. டூம் குழுவுக்குள் "இது துள்ளுகிறது, நமக்கு ஆகாது" என்று ஒதுக்கிய ரிஃப்கள் எல்லாம் வெளியே வரலாம்.

இந்த உரிமை எளிதில் கிடைப்பதுமில்லை. 1985இல் டோனி அயோமி தனி ஆல்பம் ஒன்றைத் தயாரித்தார். பாடுவதற்கு அழைத்தது கிளென் ஹியூஸை. 1973 முதல் 1976 வரை டீப் பர்ப்பிளில் பேஸ் வாசித்துப் பாடியவர். டூமின் தகப்பனும் எழுபதுகளின் ஹார்டு ராக் குரலும் ஒரே ஆல்பத்தில். ஆனால் வியாபாரக் காரணங்களுக்காக அது 1986இல் 'டோனி அயோமி இடம்பெறும் பிளாக் சப்பாத்' என்ற பெயரில் வெளிவந்தது. கேட்டவர்கள் சப்பாத்தை எதிர்பார்த்துக் கேட்டார்கள், ஏமாந்தார்கள். ஆல்பத்தின் மேல் எனக்கு இன்றும் பரிவு உண்டு: அதற்குரிய பெயரில் வந்திருந்தால் அதைக் கேட்ட விதமே வேறாக இருந்திருக்கும். அயோமியும் ஹியூஸும் 2005இல் மறுபடி சேர்ந்து செய்த ஆல்பம் அயோமியின் பெயரிலேயே வந்தது.

ஸ்காட் வைனோ வைன்ரிச் இன்னொருவர். அமெரிக்காவின் மேரிலாந்துக்காரர், தி அப்செஸ்டு, செயின்ட் வைட்டஸ் என்று டூமின் முக்கியமான குழுக்களில் பாடி வாசித்தவர். 2009இல் தன் பெயரில் ஓர் ஆல்பம் செய்தார். மூன்றே பேர். டிரம்ஸுக்கு அவர் தேர்ந்தெடுத்தது கிளட்ச் குழுவின் ஜான்பால் காஸ்டரை. கிளட்ச் டூம் குழு கிடையாது; ப்ளூஸ் ஆட்டத்துக்குப் பேர்போனது. டிரம்ஸ்தான் தீர்மானிக்கிறது என்று மேலே சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. ஆல்பத்தின் தலைப்பு பரிணாமவியலில் 1972இல் எல்ட்ரெட்ஜும் கூல்டும் முன்வைத்த ஒரு கருத்தின் பெயர்: உயிரினங்கள் நெடுங்காலம் மாறாமல் நின்று, பிறகு குறுகிய காலத்தில் சட்டென்று மாறுகின்றன என்பது அது. நிற்பதும் பாய்வதுமான இசைக்கு எவ்வளவு பொருத்தமான பெயர் பாருங்கள்.

விக்டர் கிரிஃபினுக்கு வருவோம். பென்டகிராமின் 1985 ஆல்பத்தை இருளவைத்த அதே கை. 2013இல் 'இன்கிரேவ்டு' என்ற பெயருக்கு முன்னால் தன் பெயரையும் சேர்த்து ஓர் ஆல்பம் வெளியிட்டார். ரிஃப்கள் அவருடைய பழைய ரிஃப்களைப் போலவே கனம். ஆனால் கீழே ஆர்கன் ஓடுகிறது. வாசித்தவர் ஜெஃப் ஓல்சன், டிரபுள் குழுவில் டிரம்ஸ் அடித்தவர். பாடுவது கிரிஃபினே. அதில் ஒரு பாட்டு ஜெத்ரோ டல் குழு 1970இல் வெளியிட்டது. அந்தத் தேர்வு எனக்கு மிகவும் பிடிக்கும். 1968 கடைசியில் சில வாரங்கள் டோனி அயோமியே ஜெத்ரோ டல்லில் இருந்தார். அங்கே தங்கிவிடாமல் பர்மிங்ஹாம் நண்பர்களிடம் திரும்பிய பிறகுதான் அவர்கள் குழு பிளாக் சப்பாத் ஆனது. டூம் எந்த முற்றத்திலிருந்து கிளம்பியதோ, அந்த முற்றத்துக்கே ஒரு டூம் கிட்டார்காரர் வந்து நிற்கிறார்.

## காதை எங்கே வைப்பது

முதல்முறை இப்படிப்பட்ட ஆல்பம் ஒன்றைக் கேட்கும்போது கிட்டாரைக் கவனிக்காதீர்கள். அது உரக்க இருப்பதால் எப்படியும் காதில் விழும். டிரம்ஸ்காரர் சிம்பலில் ஓடவிடும் கையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். "தகதிமி" என்று நேராக விழுகிறதா, நடு எழுத்தை விழுங்கிய "த–ட" என்று ஆடுகிறதா? ஒரே பாட்டுக்குள் இது மாறுவதும் உண்டு. மாறும் இடத்தில் உங்கள் தலையசைப்பும் மாறும்.

இரண்டாம் முறை கிட்டாருக்குப் பின்னால் கேளுங்கள். ஆர்கனோ இரண்டாவது கிட்டாரோ காந்தாரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். அது நின்றுபோகும் கணத்தில் பாட்டு சட்டென்று இருளும்.

மூன்றாம் முறைக்கு ஒரு வரிசை சொல்கிறேன். சப்பாத்தின் அந்த முதல் பாட்டை எடுத்து, பிரதி மத்திமம் நடுங்கி நிற்கும் தொடக்கத்திலிருந்து கேட்டு, நாலரை நிமிடத்தில் அது பாயத் தொடங்கும் இடம்வரை வாருங்கள். பாய்ந்து முடிந்ததும், இடைவெளி விடாமல் கிரிஃபினின் 2013 ஆல்பத்தை ஓடவிடுங்கள். நடுவில் நாற்பத்து மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. அந்தப் பாய்ச்சல் எங்கே விட்டதோ அங்கிருந்து இது தொடர்வது கேட்கும்.